131ஆவது கிலோமீற்றரில் உங்கள் வீடு

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். வயது 31. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பட்டிருப்புப் பாலத்தால் போக 14 கிலோமீற்றர், வர 14 கிலோமீற்றர். கிழமையில் ஐந்து நாளும் சைக்கிளில்தான். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது தொடங்கினது, பிறகு விடவில்லை.

என் பெரியம்மாவின் மகன் லண்டனில் இருக்கிறார். அங்கே நடந்த நூறு மைல் சைக்கிள் ஓட்டத்தில் 2014இல் ஓடினவர். போன வருஷம் ஊருக்கு வந்து நின்றபோது அந்தக் கதையைச் சொன்னார். அதிலிருந்து எங்களுக்கும் ஆசை. எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம், அதில் மூன்று பேர் பெண்கள். வருகிற மாசியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் தொடங்கி, திருக்கோவில் வரை போய்த் திரும்புவது என்று நினைத்திருக்கிறோம். 2023இல் நீங்கள் அதே வழியில் ஓடினதாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விரிவாக எழுதமாட்டீர்களா?

கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில் நூறு மைல் ஓட முடியுமா? நான் ஒரே நாளில் ஓடினதில் ஆகக்கூடியது 52 கிலோமீற்றர். வழியில் என்ன சாப்பிடுவது? அம்மாவுக்குச் சம்மதமில்லை. "கலியாணம் பேசுற நேரத்தில றோட்டு றோட்டாச் சைக்கிள் ஓடித் திரிஞ்சா ஆக்கள் என்ன சொல்லுவாங்க" என்கிறார். இன்னொன்று. அண்ணா ஓடின அந்த வருஷம் புயல் வந்து தூரத்தை 86 மைலாகக் குறைத்துவிட்டார்களாம். "நான் நூறு ஓடினவன் இல்லை" என்று இப்பவும் கவலைப்படுகிறார். நாங்கள் இடையில் நிற்பாட்ட வேண்டி வந்தால் அது வெட்கமா?

அன்புடன்,
ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். போக 14, வர 14, நாளைக்கு 28. ஐந்து நாளைக்கு 140 கிலோமீற்றர். மைலாக்கினால் 87. உங்கள் அண்ணா அந்தப் புயல் நாளில் ஓடின தூரத்தை விட ஒரு மைல் கூட. அதை நீங்கள் ஒவ்வொரு கிழமையும் ஓடுகிறீர்கள், சேலை கட்டிக்கொண்டு, கொப்பிக்கட்டும் சாப்பாட்டுப் பெட்டியும் முன்கூடையில் குலுங்க. கிழமை முழுக்கப் பிரித்து ஓடுவதும் ஒரே நாளில் ஓடுவதும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் கால்களைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. நூறு மைலில் ஆளை விழுத்துவது கால் இல்லை. என்னை விழுத்தினது முதல் நாற்பது மைலில் நான் காட்டின அவசரம்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள் போதும். நான் ஓடினதும் அதில்தான். என்னுடையதில் பெடலோடு சுற்றுகிற சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல். எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீற்றருக்குக் கொஞ்சம் கூடப் போகும். நிமிடத்துக்கு 55 சுற்று என்றால் மணிக்கு 16, 17 கிலோமீற்றர். நூறு மைல் என்பது 161 கிலோமீற்றர், ஏறக்குறைய 32,000 சுற்று. பத்து மணித்தியாலம் மிதிக்க, இரண்டு மணித்தியாலம் இடையிடையே நிற்க என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் நாலரைக்குத் திரும்பலாம்.

இது மெதுவான ஓட்டம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். உலகம் முழுக்க ஓடாக்ஸ் என்று ஒரு நெடுந்தூர ஓட்டமுறை இருக்கிறது. அதில் 200 கிலோமீற்றருக்குக் கொடுக்கிற நேரம் 13 மணித்தியாலம் 30 நிமிடம், சாப்பிட்டு இளைப்பாறுகிற நேரமும் அதற்குள்தான். மணிக்கு 15 கிலோமீற்றருக்குக் குறையாமல் போனால் அங்கேயும் முடித்தவர் முடித்தவரே. அண்ணாவுக்கு விதித்திருந்த லண்டன் வழியில் லீத் ஹில், பொக்ஸ் ஹில் என்று மலைகள் உண்டு, அங்கே கியர் வேண்டும். எங்கள் கரையோர வீதியில் பாலங்களைத் தவிர ஏற்றம் என்று ஒன்றுமே இல்லை.

சைக்கிளில் கட்டாயம் மாற்ற வேண்டியது சீற்றின் உயரம். எங்கள் பெண்கள் எல்லோரும் இரண்டு காலும் நிலத்தில் படுகிற மாதிரிச் சீற்றைப் பதித்து வைத்திருக்கிறோம். சந்தைக்குப் போய்வர அது நல்லது. நூறு மைலுக்கு அது முழங்காலைத் தின்றுவிடும். பெடல் ஆகக் கீழே நிற்கும்போது குதியை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டு வழமைபோலப் பாதத்தின் முன்பக்கத்தால் மிதித்தால் முழங்கால் சற்று மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். ஒரேயடியாக உயர்த்த வேண்டாம், கிழமைக்கு ஒரு விரல் அளவு போதும். பிறகு, பின் சில்லைக் கழற்றி டியூப் மாற்ற வீட்டு முற்றத்தில் மூன்று தரமாவது பழகுங்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர் ஆண்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி என் கதை. 2022இல் நானும் உங்களைப் போலத்தான். ஸ்கூட்டி முற்றத்தில் நின்றது, பெற்றோல் செட்டில் வரிசை இரண்டு நாள் நீண்டது. பத்து வருஷமாகச் சாய்ப்புக்குள் கிடந்த சைக்கிளை எடுத்துத் துடைத்தேன். அடுத்த மாசியில் பதினொரு பேர் காந்தி பூங்காவில் கூடினோம். எனக்கு வயது 48. மற்றவர்கள் முக்கால்வாசி இளம் பொடியன்கள். வாவி இருட்டாகக் கிடந்தது. கல்லடிப் பாலத்தில் ஏறினபோது பக்கத்தில் 1924இல் கட்டின பழைய பாலம் கறுப்பாகத் தெரிந்தது. காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கிற பேரீச்ச மரங்களுக்குக் கீழால் போனோம். ஒரு தேநீர்க் கடை அப்போதுதான் திறந்தது. ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் எல்லாம் இருட்டுக்குள் பின்னே போயின. களுவாஞ்சிகுடியில் விடிந்தது.

மாசியில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வரும். வீதி தெற்கு நோக்கிப் போகிறது. அதனால் போகும்போது அந்தக் காற்று பக்கவாட்டாக வந்து முதுகையும் கொஞ்சம் தள்ளும். எனக்கு அது தெரியவில்லை. காதில் காற்றுச் சத்தமே இல்லை, சைக்கிள் தானாக ஓடுகிறது, மீற்றரில் 22, 23 காட்டுகிறது. அதை என் உடம்பின் பலம் என்று நினைத்துவிட்டேன். பொடியன்களோடு சேர்ந்து மிதித்தேன். கல்முனை, காரைதீவு, ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊர்கள் பறந்தன. அக்கரைப்பற்றில் எல்லோரும் இறங்கி இடியப்பம் சாப்பிட்டபோது எனக்குப் பசிக்கவில்லை. ஒரு பிளேன்ரீ மட்டும் குடித்தேன். திருக்கோவிலில் சித்திர வேலாயுதர் கோயிலைக் கும்பிட்டு, மீற்றர் 80.5 காட்டும் வரை இன்னும் கொஞ்சம் தெற்கே போய்த் திரும்பினோம். அப்போது காலை ஒன்பதுகூட ஆகவில்லை. இரண்டரைக்கு வீட்டில் சோறு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

திரும்பின உடனேயே காற்று முகத்தில் விழுந்தது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் 17இல் போகிறீர்கள், நேர் எதிரே 15இல் காற்று வருகிறது என்றால், உடம்பு 32இல் வருகிற காற்றைத் தள்ள வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறுவது. காற்றில்லாத நேரத்தை விட அது மூன்றரை மடங்கு. அதே வேகத்தில் போக வேண்டும் என்று அடம் பிடித்தால் உடம்பு அந்த விலை முழுவதையும் கொடுக்க வேண்டும். நான் அடம் பிடித்தேன்.

112ஆவது கிலோமீற்றரில், நிந்தவூரை நெருங்கும்போது, பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. நெற்றியில் பச்சைத் தண்ணீர் மாதிரி வியர்வை. கை நடுங்கியது. ஹாண்டிலைப் பிடித்திருக்கிற விரல்கள் என்னுடையவையாகவே தெரியவில்லை. அறுவடைக் காலம், வீதியோரம் நெடுக நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லின் ஓரமாக இறங்கினேன், இறங்கின இடத்திலேயே முழங்கை ஊன்றி இருந்துவிட்டேன். நெல்லுக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு உம்மா, அறுபது வயதிருக்கும், கட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "என்ன புள்ள, கண் இருட்டுதா? எழும்பாத, இரி. இப்படி நிழலுக்கு நகந்து இரி." உள்ளே போய்ப் பிளேன்ரீ கொண்டுவந்தார். கிளாசின் அடியில் கரையாத சீனி ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. "கலக்காம விட்டிருக்கன், அடியையும் கரண்டியால அள்ளித் தின்னு." பிறகு மூன்று கதலி வாழைப்பழம். நான் சாப்பிட்டு முடியும் வரை, என் முழங்கையில் வியர்வையோடு ஒட்டியிருந்த நெல்மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எங்கேயிருந்து வருகிறாய், ஏன் வருகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து நான் எழும்பினபோதுதான் "மட்டக்களப்புக்கா?" என்று கேட்டு, கிழக்கே வானத்தைப் பார்த்தார். "காத்து இரிக்கி. மெல்லப் போ மகள்."

எனக்கு நடந்தது இதுதான். உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிற மாப்பொருள் மொத்தமே 400, 500 கிராம் அளவில். அது ஒரு நாளின் ஓட்டத்துக்குக் காணாது. மெதுவாகப் போனால் உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரிக்கும், இருப்பு நீளும். அடித்து மிதித்தால் மாப்பொருளைத்தான் கேட்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு சாப்பிட்டு உடனே மீள முடியாது. ஆகவே பசியைக் கேட்டுச் சாப்பிடாதீர்கள், மணிக்கூட்டைக் கேட்டுச் சாப்பிடுங்கள். தொடங்கி நாற்பது நிமிடத்தில் முதல் வாய். அதன்பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருதரம் ஏதாவது. ஒரு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாப்பொருள் உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 20, 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழம் நல்லது, சட்டைப்பையில் கிடக்கும், வெயிலில் கெடாது. கச்சான் அல்வாத் துண்டு நல்லது. அக்கரைப்பற்றில் இடியப்பம் சாப்பிடலாம், ஆனால் உறைப்பான மீன்குழம்பு வேண்டாம், சொதியோடு நிறுத்துங்கள். வெயிலில் குனிந்தபடி மிதிக்கும்போது உறைப்பு நெஞ்சுக்கு ஏறும்.

தண்ணீர் மணிக்கு அரை லீற்றரிலிருந்து முக்கால் லீற்றர். வெறும் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கக் குடிப்பதும் கூடாது, இரத்தத்தில் உப்புக் குறைந்து அது வேறு ஆபத்து. பார்மசியில் ஜீவனிப் பக்கெட், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வழியில் இளநீருக்குக் குறைவில்லை.

காற்றுக்கு என்ன செய்வது? எட்டுப் பேர் என்றீர்களே, அது பெரிய வரம். திரும்பும்போது ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வாருங்கள், முன்னால் போகிறவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மாறட்டும். எதிர்க்காற்றில் பின்னால் வருகிறவருக்கு எவ்வளவு பாரம் குறைகிறது என்பதை முதல் நிமிடத்திலேயே முழங்கால் சொல்லும். வாகனம் ஓடுகிற வீதி, ஆகவே முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளம் விடுங்கள். நிற்கப் போகிறவர் கையைக் காட்டிச் சத்தமும் போட வேண்டும். மாதத்தை மட்டும் மாற்றாதீர்கள். விடுமுறை கிடைக்கிறது என்று ஆனி, ஆடிக்குத் தள்ளினால் கச்சான் வரும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், மேற்கே மலைகளைத் தாண்டி இறங்கி வருகிற அந்தச் சுடுகாற்றும்தான். அந்தக் காற்றில் வேலியில் காயப்போட்ட துணி கால் மணித்தியாலத்தில் மொறுமொறு என்று ஆகிவிடும். மனிதர் எம்மாத்திரம்.

போகும்போது 17க்கு மேல் ஏறாதீர்கள். இதைத்தான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது. காற்று தள்ளினாலும் ஏறாதீர்கள். முன்னால் போகிறவர்கள் போகட்டும். திருக்கோவிலில் திரும்பும்போது "என்ன, ஒன்றும் ஓடவேயில்லைப் போல இருக்கு" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால்தான் நீங்கள் சரியாக ஓடியிருக்கிறீர்கள்.

பழக்கத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூட ஓட்டம் அப்படியே இருக்கட்டும். ஞாயிறுகளில் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். 60, 70, 85, 100, கடைசியாக 115, 120. நாலு கிழமைக்கு ஒரு ஞாயிறு முழு ஓய்வு. 120 ஓடினவருக்கு 161 வரும், அதற்கு முன்பு முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு கிழமை குறையுங்கள். உங்களுக்கு வாய்த்த நல்ல சுற்று ஒன்று இருக்கிறது: பட்டிருப்புப் பாலத்தால் படுவான்கரைக்கு இறங்கி, வெல்லாவெளிப் பக்கமாக வந்து, கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு ஏறி, கரையோர வீதியால் வீட்டுக்கு. 2014இல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து எனக்கு மிகப் பிரியமான வழி அது. வயலும் வாவியும் இரண்டு பக்கமும் வரும். ஆனால் படுவான்கரையில் விடிவதற்கு முன்பும் பொழுதுபட்ட பிறகும் ஓடக் கூடாது. யானை வருகிற ஊர்கள் அவை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் மூன்று பேருக்குமாக ஒன்று. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்று தேடி வாங்குங்கள், அதற்கு மேலே தளர்வான நீளக் காற்சட்டை போட்டுக்கொள்ளலாம். அதற்குள் வேறு உள்ளாடை வேண்டாம், அதன் தையல்தான் ஐந்தாவது மணித்தியாலத்தில் தோலை அறுப்பது. உராய்கிற இடத்தில் வஸ்லின் பூசுங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம். சில்லுக்குள் போனால் கழுத்தோடு இழுக்கும். மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு, ஆசிரியைகளுக்குக் கூடுதலாக உண்டு. அன்று அதைச் செய்யாதீர்கள். எந்தப் பெற்றோல் செட்டில், எந்தக் கோயிலில், எந்தத் தெரிந்த வீட்டில் இறங்கலாம் என்று முதலிலேயே போய்ப் பார்த்து எழுதி வையுங்கள், 20 கிலோமீற்றருக்கு ஒன்று இருந்தால் போதும். மாதவிடாய் நாள் அன்று வந்தால், ஓடலாமா வேண்டாமா என்பது உங்கள் உடம்பைக் கேட்டு நீங்கள் எடுக்கிற முடிவு. மற்ற ஏழு பேரும் அதற்கு விளக்கம் கேட்கக் கூடாது.

அண்ணாவின் 86 மைலுக்கு வருகிறேன். அந்த ஓட்டம் 2012 ஒலிம்பிக்கில் சைக்கிள் வீரர்கள் ஓடின வழியை ஒட்டி, 2013இல் தொடங்கினது. 2014 ஓகஸ்ட் 10ஆம் திகதி, பெர்த்தா என்ற சூறாவளியின் மிச்சம் இங்கிலாந்துக்கு மேலால் போனது. மழையில் அந்த இரண்டு மலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆட்கள் சைக்கிளில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்து, நடத்தினவர்கள் அந்த மலைகளை வழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 14 மைல் குறைந்தது அப்படித்தான். மாதக்கணக்கில் பழகினவருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் அன்று எடுத்த முடிவு சரியான முடிவு. அண்ணா கொட்டுகிற மழையில் 86 மைல் ஓடி வீட்டுக்கு முழுசாகப் போயிருக்கிறார். மிச்சம் 14 மைலை அடுத்த முறை ஊருக்கு வரும்போது மட்டக்களப்பிலிருந்து செட்டிபாளையம் வரை உங்களோடு ஓடச் சொல்லுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், அவரைக் கேளுங்கள்.

நீங்களும் வீட்டில் ஆறுதலாக இருக்கும்போதே ஒரு கோட்டைப் போட்டு வையுங்கள். வெயிலில் குளிர்ந்தால், பேச்சுத் தடுமாறினால், வியர்வை நின்றுபோனால், அந்த ஆள் அன்று ஓடி முடித்தாயிற்று. ஆளை நிழலில் இருத்தி உடம்பை நனைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பொழுதுபடுவதற்குள் கல்லடிக்கு வந்து சேர முடியாது என்று மூன்று மணிக்கே தெரிந்தால், களைத்த கால்களோடு இருட்டில் லொறிகளுக்கு நடுவே ஓடாமல் பஸ்சில் சைக்கிளை ஏற்றுங்கள். நான் நிந்தவூரில் எழும்பி ஓடினேன். குளிரும் நடுக்கமும் சீனியோடு நின்றுவிட்டதால் ஓடினேன். அவை நிற்காமலிருந்தால் அந்த உம்மாவின் வீட்டுத் திண்ணைதான் என் முடிவிடம், அதை நான் இன்றைக்கும் சந்தோஷமாகவே சொல்லுவேன்.

அம்மாவைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயங்குகிறேன். அவருடைய பயத்தில் பாதி, வீதியைப் பற்றினது. அது நியாயமான பயம். அதற்குப் பதில் பேச்சு இல்லை: பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், வெளிச்சத்தில் பளிச்சிடுகிற மேற்சட்டை, கூட வருகிறவர்களின் பெயரும் நம்பரும் எழுதின தாள். இவற்றை அவர் முன்னால் வையுங்கள். மற்றப் பாதி, ஆக்களின் வாயைப் பற்றினது. அதற்கு நான் ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு வருஷமும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்பு, இதே வீதியால், இதே களுவாஞ்சிகுடிச் சந்தியால் பாதயாத்திரை போகிறார்கள். வேலைப் பிடித்துக்கொண்டு, தலையில் மூட்டையோடு, பொத்துவில் தாண்டி உகந்தை போய், குமண, யால காட்டுக்குள்ளால் நடக்கிற அந்தக் கூட்டத்தில் பெண்களும் நிறையப் பேர்தானே. காலில் கொப்புளத்தோடு அறுபது, எழுபது வயது அம்மாமார் போகும்போது நாங்கள் வாசலில் நின்று மோர் கொடுக்கிறோம், காலைத் தொட்டுக் கும்பிடுகிறோம். உங்கள் அம்மாவும் கொடுத்திருப்பார். நெடுந்தூரம் போகிற பெண் இந்த வீதிக்குப் புதிதில்லை. சண்டை பிடிக்காமல், ஒரு பின்னேரம் தேத்தண்ணி நேரத்தில் அவரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்தவுடனே எனக்குக் கண்ணில் பட்டது இதுதான். காந்தி பூங்காவிலிருந்து களுவாஞ்சிகுடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அப்படியென்றால் திரும்பி வரும்போது உங்கள் ஊர் 131ஆவது கிலோமீற்றரில் வருகிறது. நூறு மைலில் அதைவிட மோசமான இடம் கிடையாது. 100 கிலோமீற்றர் தாண்டின சந்தோஷம் தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது, இருக்கிற இடம் எரியும், வெயில் உச்சி தாண்டியும் இறங்காது. அந்த நேரத்தில் உங்கள் சொந்தப் படலை, சொந்தக் கட்டில், அம்மாவின் சோறு எல்லாம் வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில். எனக்கு அங்கே ஒரு சிநேகிதியின் வீடு. 131இல் உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். இருபத்தைந்து நிமிடம். எழும்பும்போது தொடை மரம் மாதிரி இறுகிப்போயிருந்தது, அவள் அக்குளுக்குள் கை கொடுத்துத்தான் தூக்கினாள். பின்னுக்கு நின்று எனக்காகக் காத்திருந்த இரண்டு பொடியன்கள் இல்லாவிட்டால் திரும்ப ஏறியிருக்கமாட்டேன். கல்லடிப் பாலத்தைத் தொட்டபோது பின்னேரம் ஐந்தே முக்கால், வாவி முழுக்கச் செம்மஞ்சள்.

ஆகவே வீட்டுக்குப் போகாதீர்கள். அம்மாவைச் சந்திக்கு வரச் சொல்லுங்கள். எட்டுப் பேருக்கும் 131ஆவது கிலோமீற்றர் நிறுத்தத்தின் பொறுப்பு அவருடையது என்று கேளுங்கள்: தோலுரித்த தோடம்பழம், உப்பும் தேசிக்காயும் போட்ட தண்ணீர், பனங்கட்டித் துண்டு, நனைத்துப் பிழிந்த எட்டுத் துவாய். காலையில் ஆறேகாலுக்கு நீங்கள் அந்தச் சந்தியைத் தாண்டிப் போகும்போது அவர் ஒருதரம் பார்க்கட்டும், பின்னேரம் ஒருதரம் பார்க்கட்டும். தன் பிள்ளை போகிற போக்கும் வருகிற வரத்தும் அவர் கண்ணுக்கு நேரே நடக்கும். ஒன்றே ஒன்று, அவரிடம் சொல்லி வையுங்கள்: கதிரை கொண்டுவரக் கூடாது. பத்து நிமிடம், நின்றபடி.

நாள் குறித்ததும் எழுதுங்கள். முழுத் தூரம் இந்த மாசியில் என்னால் வர முடியாது, முழங்காலுக்கு மருந்து நடக்கிறது. ஆனால் அந்தச் சந்தியில் அம்மாவோடு நின்று, கடைசி 30 கிலோமீற்றரும் உங்களோடு வருவேன். காற்றுக்கு முன்னால் என்னை விடுங்கள். மேலதிக டியூப் மூன்று கொண்டுவருகிறேன், எட்டுப் பேரின் டயரிலும் பக்கத்தில் பொறித்திருக்கிற அளவைப் பார்த்து அனுப்புங்கள்.